சீப்பின் பின்பக்கம்

அந்த மரச்சீப்பில் மூன்று பற்கள் இல்லை. இடது ஓரத்திலிருந்து எண்ணினால் நான்காவது, ஐந்தாவது, ஆறாவது. அருங்காட்சியகத்தில் அது இருக்கும் கண்ணாடிப் பெட்டியை நான் நூறு தடவையாவது கடந்து போயிருப்பேன். பக்கத்து அட்டையில் 'சீப்பு, மரம்' என்று இரண்டே சொல். அதைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். பல் போன கதையை எனக்குக் காட்டிக்கொடுத்தவள் பதிமூன்று வயதுப் பெண். மாதம் ஒரு சனிக்கிழமை நாங்கள் அங்கே நடத்தும் அச்சோவியப் பட்டறைக்கு அம்மாவோடு வந்திருந்தாள். கண்ணாடியில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, இந்த மூணு பல்லும் ஒரே நாள்ல உடையலை."

"எப்படிம்மா சொல்றே?"

"ரெண்டு பல்லோட அடிக்கட்டை வழவழன்னு மழுங்கியிருக்கு. ஒண்ணு மட்டும் இன்னும் கூரா நிக்குது பாருங்க."

குனிந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி. முதல் இரண்டு பல் உடைந்த பிறகும் அந்தச் சீப்பை யாரும் தூக்கிப் போடவில்லை. உடைந்த அடிக்கட்டை தலைமுடியில் உரசி உரசி மழுங்கும் அளவுக்கு அதையே வைத்துச் சீவியிருக்கிறார்கள். மூன்றாவது பல் போனதும் நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது.

அவளுக்குக் கூர்மையான கண்தான், சந்தேகமில்லை. ஆனால் அன்றைக்கு அந்தக் கண்ணை அங்கே நிறுத்தி வைத்தது வேறொரு கட்டாயம். இன்னும் அரை மணி நேரத்தில் அந்தச் சீப்பை அவள் லினோ என்ற மென்மையான தகட்டில் உளியால் செதுக்கியாக வேண்டும், அதில் மை பூசித்தான் தாளில் அச்சு எடுப்போம். எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்று கை கேட்கும். கண்தான் பதில் சொல்ல வேண்டும். எட்டு வருடமாக இந்தப் பட்டறைகளை நடத்திக்கொண்டிருக்கிறேன். அச்சு எடுக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பார்க்கக் கற்றுக்கொண்டு போகிறார்கள் என்பதாலேயே இதை விடாமல் செய்கிறேன். அச்சு எடுப்பதை வேறு எங்கே வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம்.

இது எனக்கு முதலிலேயே தெரிந்திருக்கவில்லை. முதல் வருடம் பட்டறையை நான் தப்பாகத்தான் நடத்தினேன். கீழ்த்தளத்தில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். மேசை போட்டு, உளி, உருளை, மை எல்லாம் அடுக்கி, வந்து உட்கார்ந்த உடனேயே செதுக்க விட்டேன். சேகரிப்பிலிருந்து சில உருவங்களை நானே கோட்டோவியமாக எளிமைப்படுத்தி, நகல் எடுத்து வைத்திருந்தேன். ஒரு பறவை, ஒரு மீன், ஒரு பூ. அதைக் கார்பன் தாள் வைத்து லினோவில் இறக்கி, கோட்டை ஒட்டி வெட்டி, மை பூசி எடுத்தால் முடிந்தது. எல்லாருக்கும் அழகான படம் கிடைத்தது, சந்தோஷமாகப் போனார்கள். சில மாதம் கழித்து, மேல்தளக் காவல் வேலையில் இருந்த அம்மா ஒருவர் ஒருநாள் என்னிடம் கேட்டார்: "கீழே இவ்வளவு பேர் வந்தாங்களேம்மா, மேலே ஒருத்தர்கூட ஏறி வரலையே, ஏன்?"

அவர் குறையாகச் சொல்லவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. அருங்காட்சியகத்தின் பெயரைச் சொல்லி ஆட்களைக் கூட்டி, அருங்காட்சியகத்தைப் பார்க்கவிடாமல் அனுப்பியிருக்கிறேன். பொருளைப் பார்க்கும் வேலையை நான் செய்துவிட்டு, கோட்டை வெட்டும் வேலையை மட்டும் அவர்களிடம் கொடுத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு மூன்று மணி நேரப் பட்டறையில் முதல் ஒரு மணி நேரம் உளி கிடையாது. எல்லாரும் மேலே போகிறோம். கையில் பென்சிலும் தாளும் மட்டும். காட்சிக்கூடத்தில் பேனா கூடாது, மை கூடவே கூடாது. ஒரு சொட்டுத் தெறித்தாலும் திரும்ப எடுக்க முடியாது. அந்தப் பென்சிலையும் முதல் பத்து நிமிடம் தாளில் வைக்கக்கூடாது என்று சொல்லிவிடுவேன். புதிதாக வருகிறவர்கள் முகத்தில் கொஞ்சம் எரிச்சல் தெரியும். துணி, தாள் இருக்கும் அறைகளில் வெளிச்சமும் குறைவு. சாயமும் தாளும் வெளுத்துப்போகாமல் இருக்க 50 லக்ஸ் அளவில்தான் விளக்கு வைப்பார்கள். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் எல்லாம் ஒரே மங்கலாகத் தெரியும். கண் பழகப் பழக, எட்டாவது ஒன்பதாவது நிமிடத்தில், துணியின் மடிப்பும் மரத்தின் ரேகையும் ஒவ்வொன்றாக மேலே எழும்பி வரும். யாராவது ஒருவர் "அட" என்பார். அந்தச் சத்தத்துக்காகக் காத்திருப்பேன்.

அப்புறம் வரையச் சொல்வேன், ஆனால் கோட்டை வரையச் சொல்ல மாட்டேன். நிழலை மட்டும் அப்பச் சொல்வேன். லினோவிலும் மரத்திலும் எடுக்கும் அச்சில் சாம்பல் நிறம் என்ற ஒன்று இல்லை. வெட்டி எடுத்த இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு, அவ்வளவுதான். ஆகவே உளியால் நாம் செதுக்குவது உருவத்தை என்பதைவிட, அதன் மேல் விழும் வெளிச்சத்தை என்று சொன்னால் பொருந்தும். ஒரு பானையின் வளைவில் வெளிச்சம் எங்கே முடிகிறது என்று உற்றுப் பார்க்கிறவருக்கு, அந்த வளைவு சீராக இல்லை, ஒரு பக்கம் கொஞ்சம் அமுங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஈரமாக இருக்கும்போது யாரோ தூக்கியிருக்கிறார்கள்.

அருங்காட்சியகத்துக்குப் போய் அங்கிருப்பதைப் பார்த்து அச்சுக்குச் செதுக்குவது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த வழி ஒன்றுமில்லை. இங்கிலாந்தின் மரச்செதுக்குக் கலைஞர் தாமஸ் பியூயிக், பறவைகள் பற்றிய தன் பெரிய நூலுக்கு ஆயத்தமானபோது, 1791-ல் விக்ளிஃப் என்ற ஊருக்குப் போனார். மார்மடியூக் டன்ஸ்டால் என்பவர் சேர்த்து வைத்திருந்த பாடம் செய்த பறவைகள் அங்கே இருந்தன. டன்ஸ்டால் அதற்கு முந்தைய ஆண்டு இறந்துபோயிருந்தார். பியூயிக் வாரக்கணக்கில் அங்கே தங்கி அந்தப் பறவைகளை வரைந்தார். ஆனால் அவருக்குத் திருப்தி வரவில்லை. பாடம் செய்தவர் கை போன போக்கில் கழுத்தும் சிறகும் முறுக்கிக் கிடந்தன. உயிருள்ள பறவையிடமும் அப்போதுதான் சுட்டு விழுந்த பறவையிடமும் இருக்கும் நிலை அவற்றில் இல்லை. பிறகு முடிந்த இடத்திலெல்லாம் அப்படிப்பட்ட பறவைகளைத் தேடிப் பார்த்துச் செதுக்கினார். நூலின் முதல் தொகுதி 1797-லும் இரண்டாவது 1804-லும் வந்தன. பாக்ஸ்வுட் மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில், உலோகத்தில் கோடு கீறும் கருவியைக் கொண்டு அவர் கீறிய ஒவ்வொரு இறகையும் தனித்தனியாக எண்ணலாம்.

பியூயிக்கின் அந்த அதிருப்தி எனக்கு மிகவும் பிடிக்கும். எங்கள் அருங்காட்சியகத்திலும் பாடம் செய்த ஆந்தை ஒன்று உண்டு. பட்டறைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து உயிருள்ள ஆந்தையை வரைந்துவிடப் பார்ப்பார்கள். கிளை போடுவார்கள், நிலா போடுவார்கள். நான் அவர்களிடம், கண்ணுக்கு முன்னால் இருப்பதைச் செதுக்கச் சொல்வேன்: கண்ணாடிக் கண், வயிற்றில் தையல், காலில் நூலில் தொங்கும் எண் அட்டை. அப்படிச் செய்த ஆந்தைகள் பார்க்கக் கொஞ்சம் சோகமாக இருக்கின்றன. ஆனால் அவை அந்த ஆந்தை.

ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரின் காண்டாமிருகத்தையும் இங்கே சொல்ல வேண்டும். குஜராத் சுல்தான் போர்த்துகீசியருக்குப் பரிசளித்த காண்டாமிருகம் ஒன்று கப்பலில் 1515 மே 20 அன்று லிஸ்பனில் இறங்கியது. டியூரர் இருந்ததோ நியூரம்பெர்க்கில். லிஸ்பனிலிருந்து வந்த கடிதத்தையும் அதோடு இருந்த ஒரு வரைபடத்தையும் வைத்து, தான் கண்ணால் பார்க்காத அந்த மிருகத்தை அதே வருடம் மரச்செதுக்கு அச்சாக வெளியிட்டார். உடம்பில் கவசத் தகடு போலத் தோல், தோளுக்கு மேலே இல்லாத ஒரு சின்னக் கொம்பு. அடுத்த வருடமே அந்த மிருகம் போப்பாண்டவருக்குப் பரிசாகப் போகும் வழியில் கப்பலோடு மூழ்கி இறந்துபோயிற்று. சரிபார்க்க ஆளும் இல்லை, மிருகமும் இல்லை. அச்சு மட்டும் பரவிக்கொண்டே இருந்தது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பாவில் காண்டாமிருகம் என்றால் அந்தப் படம்தான்.

அந்தப் படத்தின் வேகத்தையும் கம்பீரத்தையும் நான் எத்தனை முறை பார்த்தாலும் வியக்கிறேன். ஆனால் டியூரருக்கு வேறு வழி இல்லை, நமக்கு இருக்கிறது. பொருள் கை எட்டும் தூரத்தில் இருக்கும்போது, செல்போனில் படம் எடுத்துக்கொண்டு கீழே போய்விடலாம் என்று நினைப்பவர்களிடம் நான் இந்தக் கதையைச் சொல்வேன். செல்போன் படம் ஒரே கோணத்தில் நிற்கிறது. குனிந்தால் மாறாது, சுற்றி வந்தால் மாறாது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம், நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் போன்ற அருங்காட்சியகங்கள் தங்கள் சேகரிப்பின் படங்களை யாரும் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளத் திறந்துவிட்டிருக்கின்றன. அருங்காட்சியகம் பக்கத்தில் இல்லாதவர்களுக்கு அது பெரிய வரம், நானும் பயன்படுத்துகிறேன். பக்கத்தில் இருந்தால் நடந்து போங்கள்.

ஒரு முறை பெரியவர் ஒருவர் வந்தார். வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், பூட்டுச் சாவி பழுதுபார்த்தே காலம் தள்ளியவர். படம் வரையத் தெரியாது, பேத்தியைக் கொண்டுவந்து விட வந்தேன் என்றார். நாற்காலி கொடுத்து உட்காரச் சொன்னேன். அவர் உட்காராமல் மேலே போய், ஒரு பழைய இரும்புப் பூட்டின் முன்னால் நின்றுவிட்டார். அதன் அட்டையில் அளவும் உலோகமும் எழுதியிருந்தன.

"இதோட வீட்டு வாசல்ல விளக்கு இருந்திருக்காதும்மா," என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் விரலைக் கண்ணாடிக்கு மேலே வைத்துக் காட்டினார். சாவித் துவாரத்தைச் சுற்றி, முக்கியமாகக் கீழ்ப்பக்கம், நுணுக்கமாக நிறையக் கீறல்கள். "வெளிச்சம் இருந்தா சாவி நேரா உள்ளே போயிடும். இருட்டுல கைதான் தேடும். இப்படித் தட்டித் தட்டித்தான் துவாரத்தைக் கண்டுபிடிக்கணும். ஒரு நாள் ரெண்டு நாள்ல இவ்வளவு கீறல் விழாது. தினம் ராத்திரிதான் வந்து திறந்திருக்காங்க."

அன்று அவர் செதுக்கினார். வாழ்க்கையில் முதல் தடவையாக லினோ உளி பிடித்தவர், கருவி பிடித்துப் பழகிய கை என்பதால் ஒரு தடவைகூட வழுக்கவில்லை. பூட்டு முழுவதையும் கறுப்பாக விட்டுவிட்டு, அந்தக் கீறல்களை மட்டும் வெட்டினார். அச்சை எடுத்துப் பார்த்தபோது இருட்டில் சாவி தேடும் ஒரு கையின் அசைவு அப்படியே தாளில் இருந்தது. கையையே அவர் வரையவில்லை.

நான் அந்த அச்சையும் அவர் சொன்னதையும் எடுத்துக்கொண்டு காப்பாட்சியரிடம் போனேன். அவர் கேட்டுவிட்டு, பதிவேட்டில் அந்தப் பூட்டின் எண்ணுக்குக் கீழே ஒரு வரி சேர்த்தார்: சாவித் துவாரத்தைச் சுற்றிப் பயன்பாட்டுக் கீறல்கள்; இருட்டில் திறந்ததால் விழுந்திருக்கலாம் என்று பூட்டு பழுதுபார்ப்பவர் ஒருவரின் கருத்து. தேதியும் போட்டார். 'இருக்கலாம்' என்று எழுதியது சரி. அது ஒரு கருத்துதான், ஆனால் வாழ்நாள் முழுக்கப் பூட்டைத் தொட்டவரின் கருத்து. அன்றிலிருந்து ஒவ்வொரு பட்டறை முடிந்ததும் பார்த்தவர்கள் சொன்னதை எழுதிக் காப்பாட்சியரிடம் கொடுப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. எல்லாமே பதிவேட்டில் ஏறாது. ஏறுவது கொஞ்சம்தான். ஒரு பட்டறை நன்றாக நடந்ததா என்று கேட்பவர்கள் எத்தனை பேர் வந்தார்கள் என்றுதான் கேட்கிறார்கள். சேகரிப்பைப் பற்றி எத்தனை வரி புதிதாகத் தெரிந்தது என்று யாராவது கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

செதுக்கும் மேசைக்கு வந்துவிட்டால் நான் அதிகம் பேச மாட்டேன். சொல்லித்தர வேண்டியது கொஞ்சம்தான். லினோ என்பது அடிப்படையில் தரைவிரிப்பு. ஆளிவிதை எண்ணெயைக் காற்றில் கெட்டியாக்கி, தக்கைத் தூள் கலந்து, சணல் துணி மேல் படிய வைத்தது. ஃபிரெடரிக் வால்டன் என்ற ஆங்கிலேயர் 1863-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். மரத்தைப் போல அதில் ரேகை இல்லை, எந்தப் பக்கமும் ஒரே மாதிரி வெட்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் என்ற ஓவிய ஆசிரியர் குழந்தைகளுக்கு இதைக் கொடுத்துச் செதுக்க விட்டதற்கு அந்த இளக்கம்தான் காரணம். குளிர்ந்து இறுகிப் போயிருந்தால் கொஞ்சம் வெயிலில் வைத்தால் போதும், உளி சோப்பில் இறங்குவது போல இறங்கும். மிகப் பழைய லினோ உதிரும், அதை விட்டுவிட வேண்டும்.

உளிக்கு முன்னால் கை இருக்கக்கூடாது. இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வேன். தொடக்க காலத்தில் ஒரு பையன், பலகையை இடது கையால் முன்பக்கம் பிடித்துக்கொண்டு செதுக்கியதை நான் கவனிக்காமல் விட்டேன். உளி வழுக்கிப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே இறங்கியது. மூன்று தையல். அவன் அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. இப்போது ஒவ்வொரு இடத்திலும் விளிம்பில் கட்டை அடித்த தடுப்புப் பலகை வைத்திருக்கிறோம். லினோ அந்தக் கட்டையில் முட்டி நிற்கும், பிடிக்கும் கை பின்னால் இருந்தால் போதும். சின்னப் பிள்ளைகளுக்கு உளியே கிடையாது. மெல்லிய தெர்மாகோல் தட்டில் பென்சிலால் அழுத்தினாலே பள்ளம் விழும், அதில் மை பூசினால் கோடு வெள்ளையாக வரும்.

மை பூசும் இடத்தில் மட்டும் எல்லாரையும் வாயை மூடச் சொல்வேன். கண்ணாடிப் பலகையில் மையைக் கொஞ்சம் வைத்து உருளையை முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். முதலில் சளக் சளக் என்று ஈரச் சத்தம் வரும். மை அதிகம் என்று அர்த்தம். இப்போது பூசினால் நுண்ணிய வெட்டெல்லாம் அடைந்துபோகும். ஓட்ட ஓட்ட மை பரவி மெலிந்து, ஒரு கட்டத்தில் சத்தம் மாறும். பட்டுத் துணியை மெதுவாகக் கிழிப்பது போல ஒரு சீறல். மையின் மேற்பரப்பும் பளபளப்பை விட்டு, வெல்வெட் போலப் பொரிப்பொரியாக நிற்கும். அந்தச் சத்தம் வந்தால் மை தயார். பார்வை இல்லாத ஒருவர் எங்கள் பட்டறைக்கு வந்தபோது, அன்று மேசையில் இருந்த எல்லாரையும்விட முதலில் அந்தச் சத்தத்தைப் பிடித்தவர் அவர்தான். அதன்பின் ஒவ்வொருவராகத் தங்கள் உருளையை அவரிடம் கொண்டுவந்து, "வந்துடுச்சாங்க?" என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

பூசிய பலகையின் மேல் தாளைப் போட்டு, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். பெரிய இயந்திரம் ஒன்றும் வேண்டியதில்லை. ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்து, போதாத இடத்தில் இன்னும் கொஞ்சம் தேய்த்து, பிறகு முழுவதும் உரித்தெடுப்பது. எத்தனை முறை பார்த்தாலும் அந்த நொடியில் எல்லாத் தலையும் ஒரே மேசைக்குக் குவிந்துவிடும்.

எங்கள் சேகரிப்பில் துணிக்கு அச்சடிக்கும் பழைய மரக்கட்டை ஒன்று இருக்கிறது. கொடியும் இலையுமாக, ஓரத்தில் பூச்சி அரித்த துளைகளோடு. அதைப் பார்த்த எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: இதிலேயே மை பூசி ஒரு அச்சு எடுத்துப் பார்த்தால் என்ன? எனக்கும் அந்த ஆசை இருந்தது. பாதுகாப்புப் பிரிவில் இருந்தவரிடம் ஒரே ஒரு அச்சு என்று கேட்டேன், வாதாடினேன். அவர் முடியாது என்றார். உலர்ந்த மரம் மையின் ஈரத்தை உறிஞ்சி உப்பும், உலரும்போது விரிசல் விடும். மேட்டின் விளிம்பு ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் போகும். பள்ளத்தில் பழைய சாயம் ஒட்டியிருக்கிறது, என்ன சாயம் என்று பிற்காலத்தில் ஆராய வேண்டியிருக்கும், நம் மை அதை மூடிவிடும். கோபமாகத்தான் வெளியே வந்தேன். அந்தச் சாயத் துணுக்கைப் பிறகு உருப்பெருக்கியில் அவரே எனக்குக் காட்டினார். பள்ளத்தின் அடியில் நகக்கண் அளவுகூட இல்லாத நீலம். அதைப் பார்த்ததும் என் கோபம் போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் கனடாவின் வடக்கே கின்ஙைட் என்ற, இனுயிட் பழங்குடி மக்களின் ஊரில் நடந்ததை நினைத்துப் பார்த்தேன். முன்பு அதைக் கேப் டார்செட் என்பார்கள். 1950-களின் பிற்பகுதியில் அங்கே ஒசுய்டொக் இபீலி என்ற சிற்பி, சிகரெட் பெட்டிகள் எல்லாவற்றிலும் ஒரே படம் இருப்பதைப் பார்த்து, ஒவ்வொன்றாக உட்கார்ந்து வரைவது எவ்வளவு அலுப்பாக இருக்கும் என்றாராம். அங்கிருந்த ஜேம்ஸ் ஹூஸ்டன் என்ற கனடிய ஓவியர், இபீலி கோடு கீறியிருந்த, வால்ரஸ் என்ற கடல் விலங்கின் தந்தம் ஒன்றில் மையைத் தடவி மெல்லிய தாளை வைத்து அழுத்தி எடுத்துக் காட்டினார். ஹூஸ்டன் பிறகு ஜப்பானுக்குப் போய் உன்இச்சி ஹிராட்சுகா என்ற அச்சுக் கலைஞரிடம் மர அச்சு படித்துவிட்டு வந்தார். ஊர்க்காரர்கள் கல்லிலும் தோலிலும் தங்கள் வழியைக் கண்டுபிடித்தார்கள். 1959-ல் முதல் தொகுப்பு வெளிவந்தது. அந்த ஊரின் கூட்டுறவுப் பட்டறையிலிருந்து இன்றுவரை ஆண்டுதோறும் அச்சுகள் வருகின்றன.

தந்தத்தில் மை பூசலாம். செதுக்கியவர் பக்கத்தில் நின்று பார்க்கிறார், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் இருக்கிறது. எங்கள் மரக்கட்டையைச் செதுக்கியவர் யாரென்றே பதிவில்லை. அவர் இல்லாத இடத்தில் பாதுகாப்புப் பிரிவுக்காரர்தான் அவருக்காகப் பேசினார். இதே காரணத்துக்காக, வழிபாட்டில் இருந்த பொருள்கள், இறந்தவர்களோடு புதைத்தவை, மனித எலும்புகள் இவற்றை நாங்கள் செதுக்க எடுப்பதில்லை. அந்தப் பொருளுக்கு உரிய மக்களைக் கேட்காமல் அது வெறும் அலங்காரமாகிவிடக்கூடாது.

மரக்கட்டையை விட்டுவிட மனமில்லை. அதன் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பன்னிரண்டு சதுரமாக வெட்டி, பன்னிரண்டு பேரிடம் கொடுத்தோம். ஆளுக்கு ஒரு துண்டு. எல்லாரும் ஒவ்வொரு முறையும் மேலே போய் நிஜக் கட்டையில் தங்கள் சதுரம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்துவிட்டு வந்துதான் வெட்ட வேண்டும். இரண்டு சனிக்கிழமை ஆயிற்று. பன்னிரண்டு லினோவையும் சேர்த்து வைத்து அச்சு எடுத்தபோது கொடி ஒரு சதுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் இடத்தில் அரை விரற்கடை விலகி நின்றது. ஒருவர் இலை நரம்பை மயிரிழையாக வெட்டியிருந்தார், அடுத்தவர் வாய்க்கால் வெட்டியது போல வெட்டியிருந்தார். பூச்சித் துளைகள் விழுந்த சதுரம் வந்தவர், அத்தனை துளையையும் ஒன்று விடாமல் செதுக்கியிருந்தார். யாரோ விலகிய இடங்களைச் சரிசெய்துவிடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஜப்பானிய மர அச்சுகளில் வரைந்தவர் ஒருவர், செதுக்கியவர் ஒருவர், அச்சடித்தவர் ஒருவர் என்று பல கை உண்டு. பெரும்பாலும் வரைந்தவர் பெயர்தான் நமக்குத் தெரிகிறது. எங்கள் தாளில் பன்னிரண்டு பெயரையும் பென்சிலால் எழுதினோம்.

ஒவ்வொரு அச்சுக்கும் கீழே பென்சிலால் எண் போடுவது இந்தக் கலையின் வழக்கம். 4/12 என்றால் பன்னிரண்டு படிகளில் நான்காவது. எங்கள் பட்டறையில் ஆளுக்குக் குறைந்தது மூன்று படி எடுக்க வேண்டும். ஒன்று அவர்களுக்கு, ஒன்று மேசையில் வேறு யாருக்காவது மாற்றிக்கொள்ள, ஒன்று அருங்காட்சியகத்துக்கு. மூன்றாவது படி, மூலப் பொருளின் பதிவெண்ணைப் பின்னால் எழுதி ஒரு தனி இழுப்பறையில் போகிறது.

சீப்புச் செதுக்கிய பெண்ணிடம் திரும்பி வருகிறேன். அன்று அவள் கடைசியாகத்தான் அச்சு எடுத்தாள். சீப்பின் உடம்பைக் கறுப்பாக விட்டு, பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை வெட்டி, அந்த மூன்று அடிக்கட்டைகளில் இரண்டை மழுங்கலாகவும் ஒன்றைக் கூராகவும் விட்டிருந்தாள். தாளை உரித்ததும் அவள் அம்மா சொன்னார்: "ஐயோ, மாறிப்போச்சே. இந்தப் பக்கம்ல உடைஞ்சிருந்தது?"

மாறித்தான் இருந்தது. அச்சில் இடம் வலமாகும், வலம் இடமாகும். எழுத்தாக இருந்தால் முதலிலேயே திருப்பிச் செதுக்கச் சொல்லியிருப்பேன். சீப்புதானே என்று நான் நினைவுபடுத்தவில்லை. உடைந்த பற்கள் வலது ஓரத்துக்குப் போயிருந்தன. முகம் வாடிவிடுமோ என்று பார்த்தேன். அவள் அச்சைக் கையில் பிடித்து, தள்ளி வைத்து, கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"தப்பு இல்லம்மா. சீப்பைத் திருப்பிப் போட்டா இப்படித்தானே இருக்கும்? இது பின்பக்கம்." அப்புறம் என்னைப் பார்த்து, "அக்கா, பின்பக்கம் யாராவது பார்த்திருக்காங்களா?" என்றாள்.

நான் பார்த்ததில்லை. காப்பாட்சியரைக் கேட்டேன். தான் வந்த பிறகு அந்தப் பெட்டியைத் திறந்ததாக நினைவில்லை என்றார். அடுத்த மாதப் பட்டறை அன்று காலையில், காட்சிக்கூடம் திறக்கும் முன், சாவி எடுத்து வந்து கையுறை போட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்தார். நாங்கள் மூன்று பேரும் ஓரடி தள்ளி நின்றோம். சீப்பை இரண்டு கையாலும் எடுத்து, மெத்தை விரித்த தட்டில் மெதுவாகத் திருப்பி வைத்தார்.

பின்பக்கம் முன்பக்கம் போல வழவழப்பாக இல்லை. பிடிக்கும் இடத்தில், கட்டைவிரல் படியும் பள்ளத்துக்குப் பக்கத்தில், கத்தி முனையால் கீறிய சின்னச் சின்னக் கோடுகள் ஒரே வரிசையில் இருந்தன. அவள் எண்ணினாள். ஒன்பது. ஒன்பதாவது மற்றவற்றைவிட ஆழம் குறைவு.

காப்பாட்சியர் பதிவேட்டை எடுக்கப் போனார். அவள் கீழே ஓடிப்போய்ப் புதிதாக ஒரு துண்டு லினோ எடுத்து வந்தாள்.